ஸ்கூபா கார்டு கைக்கு வந்துவிட்டது, அந்தமான் போகலாமா?

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். வயது 43, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். சின்ன வயதில் வயல் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர். போன மார்ச் மாதம் புதுச்சேரியில் தங்கி, முதுகில் காற்று டேங்க் மாட்டிக் கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவிங்கில் முதல் நிலையான ஓபன் வாட்டர் கோர்ஸ் முடித்துக் கார்டும் வாங்கிவிட்டார். அதற்கப்புறம் கடலில் இறங்கவில்லை. வருகிற ஜனவரியில் நண்பர்கள் மூன்று பேருடன் அந்தமான் போகத் திட்டம். ஹேவ்லாக் தீவில் இரண்டு நாள், பிறகு படகிலேயே தங்கி பேரன் (Barren) தீவு வரை, கிளம்புகிற நாள் விடியற்காலை ஒரு கடைசி டைவ், அன்று மதியம் 2 மணிக்குச் சென்னை விமானம். அதற்கு முன்னால் ஒத்திகையாக ஒரு ஞாயிறு புதுச்சேரியில் இரண்டு டைவ் போட்டுவிட்டு, அன்றிரவே காரில் ஓசூர் வந்து திங்கள் காலை ஷிப்டில் சேர்ந்துவிடலாம் என்று நினைக்கிறார். நடுவில் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க, மைத்துனரின் விவசாயக் கிணற்றில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரை வைத்துக்கொண்டு பயிற்சி செய்யலாமா என்றும் கேட்கிறார்.

உடம்பைப் பற்றி எழுதியது கடிதத்தின் கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது. இரண்டு வருடமாக பிபி மாத்திரை. சிறுவயதில் வீசிங் இருந்தது, இப்போதும் மார்கழிக் காலையில் பைக் ஓட்டினால் நெஞ்சில் லேசாக விசில் சத்தம் கேட்கும். கோர்ஸில் சேரும்போது கொடுத்த மருத்துவப் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்திருக்கிறார், சான்றிதழ் கேட்டு அலைய விடுவார்கள் என்று நண்பர் சொன்னதால். மூன்றாவது டைவில் வலது காது கடுமையாக வலித்து நான்கு நாள் அடைத்தே இருந்தது. அம்மா நல்லெண்ணெய் காய்ச்சி விட்டபின் சரியானது. மனைவி இந்தப் பயணமே வேண்டாம் என்கிறார். “கார்டு இருக்கிறது, நீச்சலும் தெரியும், அப்புறம் என்ன பயம் டாக்டர்?” என்பது கேள்வி.

நண்பரே, கடைசிப் பக்கத்தை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. அங்கிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

அந்தப் படிவத்தைத் திரும்ப எழுதுங்கள்

10 மீட்டர் ஆழத்தில் உங்கள் மேல் இருக்கும் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே ரெகுலேட்டர் வழியாக, அதாவது டேங்க் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி வழியாக, இழுக்கும் மூச்சும் அதே அழுத்தத்தில்தான் வருகிறது. மேலே ஏறும்போது நுரையீரலில் உள்ள காற்று விரிந்துகொண்டே வரும், மேற்பரப்பைத் தொடும்போது அது இரண்டு மடங்காகியிருக்கும். மூச்சைப் பிடித்து வைக்காதே என்று உங்கள் பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பாரே, அதற்குக் காரணம் இதுதான். வீசிங் வரும்போது நீங்கள் மூச்சைப் பிடிக்காவிட்டாலும் சுருங்கிய மூச்சுக்குழாய்க்குப் பின்னால் காற்று மாட்டிக்கொள்ளும். அது விரிந்து நுரையீரல் கிழிந்தால் காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். அதிலும் டேங்க் காற்று ஈரமில்லாத குளிர்ந்த காற்று, கூடவே நீரோட்டத்தில் உடலுழைப்பும் சேரும். மார்கழிக் குளிரில் விசில் சத்தம் கேட்கும் மார்புக்கு இது இரண்டும் ஆகாது.

வீசிங் இருந்தவர் எவருமே டைவ் செய்யக்கூடாது என்று இன்று யாரும் சொல்வதில்லை. பல வருடமாக அறிகுறியே இல்லாதவர்களுக்கும், நல்ல கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கும் பரிசோதனை செய்துவிட்டு அனுமதி கொடுக்கிறோம். ஆனால் குளிரிலும் ஓட்டத்திலும் வருகிற வீசிங்குக்கு எளிதில் கொடுப்பதில்லை. உங்களுடையது அந்த வகையாகத்தான் தெரிகிறது, அதனால் பார்க்காமல் நான் தலையாட்ட முடியாது. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நுரையீரல் மருத்துவரைப் பார்த்து, உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனை எடுக்க வேண்டும், டைவ் செய்வதற்காக என்று சொல்லிக் கேளுங்கள். முடிவு சரியில்லை என்றால் டேங்க் மாட்டுவதை விட்டுவிட வேண்டியதுதான். அப்படி ஒரு பதில் வரக்கூடும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஜனவரியில் படகில் உட்கார்ந்துகொண்டு யோசிக்க வேண்டாம்.

பிபி அளவு கட்டுப்பாட்டில் இருந்தால் அதுவே தடை இல்லை. ஆனால் என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. அட்டெனலால், மெட்டோப்ரோலால் என்று ‘லால்’ என்று முடிகிற மருந்தாக இருந்தால் அது வீசிங்கைக் கூட்டலாம், அவசரத்தில் வேகமாக நீந்த வேண்டியிருந்தால் இதயம் அதற்கு ஈடுகொடுக்கவும் விடாது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி மாற்று உண்டா என்று கேளுங்கள். 40 தாண்டியவர், பிபி வேறு இருக்கிறது, ஆகவே ஒரு டிரெட்மில் பரிசோதனையும் செய்துவிடுங்கள். கட்டுப்பாடில்லாத பிபியோடு தண்ணீருக்குள் இருப்பவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. சில சமயம் ஆழமே இல்லாத இடத்தில்கூட அது நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படிவத்தில் பொய் இருந்தால், ஏதாவது ஆகும்போது காப்பீட்டு நிறுவனம் முதலில் எடுத்துக் காட்டப்போவது அந்தத் தாளைத்தான். சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா பெரும்பாலும் சேராது. பாலிசியில் எத்தனை மீட்டர் ஆழம் வரை, எந்தெந்தச் சிகிச்சைக்கு, படகிலிருந்து கரைக்குக் கொண்டுவரும் செலவு உண்டா என்று படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

காது

எண்ணெய் விட்டதால் சரியானது என்று நினைக்கிறீர்கள். அழுத்தத்தில் அடிபட்ட காது பெரும்பாலும் சில நாளில் தானாகவே ஆறும், எண்ணெய் விட்டாலும் விடாவிட்டாலும். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் அந்த எண்ணெயே உள்ளே போய்ச் சீழ் பிடிக்க வைத்திருக்கும். அம்மா அக்கறையில் செய்தது, அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இனி டைவ் முடிந்து காது வலித்தால் எதையும் விடாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை செவிப்பறையைக் காட்டிவிட்டு அடுத்த டைவுக்குப் போங்கள்.

வலித்தபோதும் அழுத்திக்கொண்டு இறங்கியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்களே என்ற கூச்சத்தில் எல்லாரும் செய்வதுதான். காதுக்குச் சோதனையே முதல் 10 மீட்டரில்தான். கயிற்றைப் பிடித்துக் கால் கீழாக இறங்குங்கள். வலி வருவதற்கு முன்னாலேயே, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள். திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள், அப்படியும் திறக்கவில்லையா, அன்றைக்கு டைவ் இல்லை. சளி பிடித்திருக்கும்போது மூக்கடைப்பு மாத்திரையோ மூக்கில் விடும் ஸ்ப்ரேயோ போட்டுக்கொண்டு இறங்கவே கூடாது. ஆழத்தில் மருந்தின் வேகம் தணிந்துவிட்டால் மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அடைத்துக்கொள்ளும், ஏறாமல் இருக்கவும் முடியாது.

கிணறு வேண்டவே வேண்டாம்

இதைச் சற்று கடுமையாகத்தான் சொல்கிறேன். நீங்கள் புதுச்சேரியில் முதுகில் சுமந்தது ஆக்சிஜன் சிலிண்டர் அல்ல. அதில் இருந்தது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று, சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். வடிகட்டி 200 பார் அழுத்தத்தில் அடைத்தது. மருத்துவமனையில் வைக்கும் சுத்த ஆக்சிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் அதுவே நஞ்சாகி வலிப்பு வரலாம், தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் ரெகுலேட்டர் வாயிலிருந்து விழுந்துவிடும், அதற்குப் பிறகு காப்பாற்ற நேரம் இருக்காது. நம் பக்கத்து விவசாயக் கிணறுகள் எவ்வளவு ஆழம் என்று உங்களுக்கே தெரியும். சரி, சாதாரணக் காற்றையே கம்ப்ரசரில் நிரப்பிக்கொள்கிறேன் என்றும் யோசிக்காதீர்கள். மூச்சுக்காகச் செய்யப்படாத கம்ப்ரசரின் காற்றில் எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் கலந்து வரலாம். கிணற்றுக்குள் தொங்கும் மோட்டார் ஒயரில் மின்கசிவு, கலங்கிய தண்ணீர், பிடித்து ஏறப் படி இல்லாத சுவர், மேலே நிற்கும் மைத்துனருக்கு உங்களைத் தூக்கத் தெரியாது. இத்தனையும் ஒரே இடத்தில்.

பழக்கம் விடக்கூடாது என்ற எண்ணம் நல்லது. ஓசூரிலோ பெங்களூரிலோ நீச்சல் குளம் இருக்கிறதே, அங்கே 200 மீட்டர் நிற்காமல் நீந்துங்கள், 10 நிமிடம் மிதங்கள், மாஸ்க்கும் ஸ்நார்க்கலும் வைத்து மூச்சைச் சீராக்கப் பழகுங்கள். ஒகேனக்கல்லை மறந்துவிடுங்கள், அந்தச் சுழலும் பாறையும் பயிற்சிக்கான தண்ணீர் அல்ல.

கார்டு எதற்கு அனுமதி

உங்கள் கார்டு 18 மீட்டர் வரை, ஒரு துணையோடு, நீங்கள் பயிற்சி பெற்றது போன்ற அல்லது அதைவிட எளிதான கடலில் இறங்குவதற்கு. அது காலாவதி ஆகாது, ஆனால் மார்ச்சிலிருந்து ஜனவரி வரை இறங்காத கை கால் மறந்திருக்கும். முதல் நாள் பயிற்றுநரோடு பழையதை நினைவுபடுத்திக்கொள்ளும் ஒரு ரெஃப்ரெஷர் டைவ் கட்டாயம் போடுங்கள். ஹேவ்லாக்கில் நீமோ ரீஃப் மாதிரி கரையோரம் ஆழமில்லாத இடங்கள் இருக்கின்றன, அவை உங்களுக்குச் சரி. டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் என்று நண்பர்கள் ஆசை காட்டினால் அவையெல்லாம் ஆழமும் நீரோட்டமும் உள்ள இடங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பேரன் தீவை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. அது போர்ட் பிளேரிலிருந்து, இப்போது ஸ்ரீ விஜயபுரம், சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் இருக்கும் உயிருள்ள எரிமலை. அடி தெரியாமல் செங்குத்தாக இறங்கும் சரிவு, அங்கே ஆழத்தில் கண்ணை வைத்துக்கொள்ளத் தரை இருக்காது, புதியவர்கள் தங்களுக்கே தெரியாமல் கீழே போய்விடுவார்கள். ஏதாவது ஆனால், அதிக அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுக்கும் அழுத்த அறை சிகிச்சைக்குக் கடற்படை மருத்துவமனை இருக்கும் போர்ட் பிளேருக்கு வந்து சேரவே பல மணி நேரம்.

காற்றுக் கணக்கைப் பாருங்கள். 11 லிட்டர் டேங்க், 200 பாரில் தொடங்கி 50 பார் மிச்சம் வைத்து மேலே வர வேண்டும், ஆக உங்களுக்குக் கிடைப்பது 1,650 லிட்டர். புதியவர் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுப்பார் என்று வைத்துக்கொண்டால், 18 மீட்டரில் அழுத்தம் 2.8 மடங்கு என்பதால் 70 லிட்டர் போகும், சுமார் 23 நிமிடம். 30 மீட்டரில் 4 மடங்கு, 16 நிமிடம்தான். பதற்றத்தில் மூச்சு வேகமானால் அதுவும் இல்லை. கூட வருகிறவர்கள் அனுபவசாலிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் டேங்க் அவர்களுக்கு, உங்கள் டேங்க் உங்களுக்கு.

திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து போடுங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது பேரன் தீவுகூட இல்லை, திரும்பி வருகிற நேரம்தான். ஆழத்தில் நைட்ரஜன் உடம்புத் திசுக்களில் கரைகிறது, மேலே வந்தபின் மணிக்கணக்கில் மெதுவாக வெளியேறுகிறது. அது வெளியேறுவதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், மூடி திறந்த சோடா பாட்டில் போல ரத்தத்திலும் மூட்டிலும் குமிழி கிளம்பும். விமானத்தின் உள்ளே அழுத்தம் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போல வரை குறையலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பது டைவிங் மருத்துவ அமைப்பான டான் கொடுத்திருக்கும் வழிகாட்டல். நான் 24 என்றே சொல்வேன். விடியற்காலை டைவ், மதியம் 2 மணி விமானம் என்பது எந்தக் கணக்கிலும் சேராது.

மலை ஏறினாலும் இதே கதைதான் என்பதைக் கடலோரக்காரர்கள் யோசிக்க மாட்டார்கள், அவர்களுக்குத் தேவையும் இல்லை. நமக்கு வேண்டும். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர், ஓசூர் ஏறத்தாழ 900. விமான விதி 600 மீட்டருக்கு மேல் போகும் பயணத்துக்கும் பொருந்தும். ஞாயிறு மதியம் டைவ் முடித்துத் திண்டிவனம், திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியாக வந்து அன்றிரவே சூளகிரி தாண்டி ஓசூர் ஏறுவது சரியில்லை. டைவைச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் ஞாயிறு காலையிலேயே முடித்து, மாலை வரை புதுச்சேரியில் இருந்துவிட்டு, இரவு காவேரிப்பட்டணம் வீட்டில் படுத்து, திங்கள் மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு போங்கள். கர்நாடகாவில் முருடேஸ்வர் பக்கம் நேத்ராணித் தீவுக்கு டைவ் செய்யப் போகிறவர்களுக்கும் இதுவேதான், திரும்பும் வழியில் மலைத்தொடரையும் பெங்களூரையும் தாண்டித்தானே வர வேண்டும். ஏற்காட்டில் ஒருநாள் தங்கிவிட்டு வரலாம் என்று யாராவது சொன்னால், டைவுக்கு முன்னால் போங்கள்.

அந்தமானுக்கு நான் போட்டுத் தரும் வரிசை இது. முதல் நாள் போய்ச் சேர்ந்து தூங்குவது. இரண்டாம் நாள் ரெஃப்ரெஷர். மூன்றாம், நான்காம் நாள் தலா இரண்டு டைவ், 18 மீட்டருக்குள். ஐந்தாம் நாள் தண்ணீருக்குள் இறங்காமல் ராதாநகர் கடற்கரையில் உட்காருங்கள். ஆறாம் நாள் விமானம். ஒவ்வொரு டைவிலும் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறாதீர்கள், 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள், மாலையில் நண்பர்கள் பாட்டில் திறந்தால் நீங்கள் தண்ணீர் குடியுங்கள்.

படகில் ஏறுமுன் கேட்க வேண்டியவை

அவசர ஆக்சிஜன் படகில் இருக்கிறதா, ஒரு மணி நேரத்துக்கு மேல் வருமா? கரையோடு பேச ரேடியோ உண்டா? எல்லாரும் தண்ணீருக்குள் இருக்கும்போது படகில் யார் நிற்பார்? இறங்கியவர்களை எப்படி எண்ணுகிறார்கள்? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் எண்ணிக்கை தவறி ஒரு அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு திரும்பிவிட்டது, இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. ஆகவே பெயர் சொல்லி அழைக்கும் படகில் ஏறுங்கள். விசிலும், ஊதி நிமிர்த்தும் மிதவைக் குழாயும் உங்களுக்கென்று சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். கிணற்றில் களைத்தால் சுவரைப் பிடித்து நிற்பீர்கள், நடுக்கடலில் நீரோட்டம் இழுத்தால் பிடிக்க ஒன்றும் இல்லை. எதிர்த்து நீந்தாமல் மேலே வந்து, ஜாக்கெட்டில் காற்றை நிரப்பி, மிதவையை நிமிர்த்திக் காத்திருங்கள். படகுக் குமட்டலுக்கு பஸ்ஸில் போடும் அவோமின் போட்டுக்கொண்டு இறங்கினால் தூக்கக் கலக்கம் வரும். வேறு மாத்திரையைக்கூட முதலில் வீட்டில் ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்தபின் வலித்தால்

டைவ் முடிந்து 24 மணி நேரத்துக்குள் தோள், முழங்கை மூட்டில் வலி, கை கால் மரத்துப்போதல், தோலில் திட்டுத்திட்டாகத் தடிப்பு, தலைசுற்றல், சிறுநீர் போக முடியாமை, காரணமில்லாத பெரும் அசதி, இதில் எது வந்தாலும் டேங்க் தூக்கிய சுளுக்கு என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். நம் ஊர் மருத்துவமனையில் இப்படி ஒரு நோயாளியைப் பார்த்திருக்கும் வாய்ப்புக் குறைவு, ஆகவே “நான் கடலில் டைவ் செய்துவிட்டு வந்திருக்கிறேன்” என்று நீங்களே சொல்லி, முழு ஆக்சிஜன் மாஸ்க் கேளுங்கள். எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம், எப்போது மேலே வந்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். ஆக்சிஜன் கொடுத்ததும் வலி போய்விட்டாலும் டைவிங் மருத்துவம் தெரிந்தவரிடம் பேசாமல் வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம்.

அந்தத் தாளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டிய ஆள் உங்கள் மனைவி. அவர் வேண்டாம் என்பதை வெறும் பயம் என்று தள்ளிவிட்டீர்கள், ஆனால் மார்கழிக் காலையில் உங்கள் நெஞ்சுச் சத்தத்தைப் பக்கத்திலிருந்து கேட்பவர் அவர்தான். நுரையீரல் மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் சொல்ல மறப்பதை அவர் சொல்லுவார்.

விமான டிக்கெட்டை இந்த வாரமே ஒருநாள் தள்ளிப் போடப் பாருங்கள். படகுக்கு முன்பணம் கட்டுவது ஸ்பைரோமெட்ரி முடிவு கைக்கு வந்தபின் இருக்கட்டும். முடிவு வந்ததும், என்ன பிபி மாத்திரை என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.